அம்பு மேக்னெட்: மூலையை நிறுத்தும், இழுவையைத் தாங்காது

கேட், கிரில், கதவுச் சட்டம் செய்யும் பட்டறைகளில், வெல்டிங் செய்யும் இரும்பு டியூபுகளைக் கோணத்தில் பிடித்து நிறுத்தும், சிவப்புப் பெயின்ட் அடித்த அம்பு மேக்னெட்டுக்கு இப்போது நிரந்தர இடம் உண்டு. ஓர் ஆள் டியூபைப் பிடிக்க இன்னோர் ஆள் டாக் (சின்ன வெல்டிங் பொட்டு) வைக்க வேண்டிய வேலையை, மேக்னெட் இருந்தால் ஒருவரே முடித்துவிடலாம். சேலத்து ஹார்டுவேர் கடைகளில் 25, 50, 75 பவுண்டு பிடிவிசை என்று கிடைக்கிறது. சில நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். அந்தக் காசுக்கு இது மிச்சப்படுத்தும் நேரம் அதிகம். வாங்கலாம் என்பதே எங்கள் முடிவு. ஆனால் இது பொருளை நிறுத்தி வைக்கும் சாமான். வெல்டிங் ஆறும்போது வரும் இழுவையைத் தாங்கும் சாமான் அல்ல. மேக்னெட் வைத்தாயிற்று, மூலை 90 டிகிரியில்தான் நிற்கும் என்று முழு ரன் (மூட்டு நெடுக வெல்டிங்) ஓட்டினால் கதவு நிலைக்குள் போகாது.

உள்ளே இருப்பது சாதாரண ஃபெரைட் காந்தம். அதன் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டிய தகடு வைத்து ரிவிட் அடித்திருப்பார்கள். தகட்டின் விளிம்புகள்தான் 45, 90, 135 டிகிரியைத் தருகின்றன. டியூபில் ஒட்டுவதும் அந்த விளிம்புதான். அதனால் தகட்டை வெட்டியவர் எவ்வளவு சுத்தமாக வெட்டினாரோ அவ்வளவுதான் நமக்குக் கோணம் கிடைக்கும்.

50 பவுண்டு என்றால் 22 கிலோ சொச்சம். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கனமான, பெயின்ட் இல்லாத தகட்டிலிருந்து நேராகப் பிடுங்க வேண்டிய விசை அது. பக்கவாட்டில் தள்ளினால் அதில் சிறு பங்கு விசைக்கே வழுக்கிவிடும். 16 கேஜ் டியூபின் சுவர் 1.6 மில்லிதான்; அவ்வளவு மெல்லிய இரும்பில் காந்தத்தின் முழுப் பிடியும் கிடைக்காது. துரு, பெயின்ட், பிசிறு எது நடுவில் வந்தாலும் பிடி இன்னும் குறையும். உருண்டைக் குழாயில் கோடு போலத்தான் தொடும் என்பதால் அங்கே இதை நம்பி எதையும் தொங்கவிட வேண்டாம்.

கடையில் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். இரண்டு தகட்டின் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்; ஒன்று அரை மில்லி வெளியே நின்றாலும் டியூப் சாய்ந்துதான் ஒட்டும். 90 டிகிரி முனை கூராக முடியாமல் கொஞ்சம் வெட்டிவிடப்பட்டிருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் மூலையில் நிற்கும் பிசிறோ தெறிப்போ மேக்னெட்டைத் தூக்கிவிடும். விளிம்பில் பெயின்ட் திரண்டிருந்தால் வீட்டுக்கு வந்ததும் அரத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

கோணம் சரிதானா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நேரான விளிம்புள்ள ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, அந்த விளிம்பில் ஒரு அலுமினிய ஸ்கேலைப் பிடியுங்கள். மேக்னெட்டின் ஒரு பக்கத்தை ஸ்கேலோடு ஒட்ட வைத்து, இன்னொரு பக்கத்தை ஒட்டிக் கூரான பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு மேக்னெட்டைக் குப்புறப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் 90 டிகிரி சரி. மேலே போகப் போகக் கோடுகள் விலகினால், விலகலில் பாதிதான் மேக்னெட்டின் பிழை. மூலைமட்டத்தையும் இதே முறையில் சோதிக்கலாம். கீழே விழுந்த மூலைமட்டத்தைச் சோதிக்காமல் பயன்படுத்தவே கூடாது.

மேக்னெட்டைக் குறை சொல்வதற்கு முன் வெட்டைப் பார்க்க வேண்டும். மூலை சேராததற்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். 14 இஞ்ச் கட்டிங் மெஷினில் வீல் மெல்லியது. அவசரப்பட்டு அழுத்தினால் வளைந்து, வெட்டு செங்குத்தாக இறங்காமல் சாய்ந்துவிடும். மெஷினில் அச்சடித்திருக்கும் 45 டிகிரி கோட்டை நம்பக் கூடாது. வீணான துண்டில் இரண்டு வெட்டு வெட்டிச் சேர்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகே தடுப்பை இறுக்க வேண்டும். ஏனென்றால் ஒரு வெட்டில் வரும் பிழை மூலையில் இரட்டிப்பாகிறது. 50 மில்லி டியூபை 45 டிகிரியில் வெட்டினால் வெட்டுமுகத்தின் நீளம் கிட்டத்தட்ட 71 மில்லி. இரண்டு துண்டிலும் அரை அரை டிகிரி தப்பினால், ஒரு முனை தொட்டு நிற்கும்போது மறுமுனையில் 1.2 மில்லி கேப் விழும். 1.6 மில்லி சுவருக்கு 1.2 மில்லி கேப் என்றால் 12 கேஜ் வெல்டிங் ராடு போட்டாலும் ஓட்டை விழத்தான் செய்யும். அந்தக் கேப்பை மேக்னெட் மூடித் தராது. கையால் அழுத்தி மூடினால் கேப் போகும், கோணமும் சேர்ந்து போகும். டியூபைத் திரும்ப வெட்டுவதே சரி.

வெட்டியதும் உள்பக்கப் பிசிறை அரைவட்ட அரத்தாலும், வெளிப்பிசிறை ஏஜி4 மெஷினில் (நாலு இஞ்ச் கை கிரைண்டர்) ஃபிளாப் டிஸ்க் போட்டும் எடுக்க வேண்டும். கனமான கிரைண்டிங் வீல் 16 கேஜ் டியூபுக்கு வேண்டாம். விளிம்பைத் தின்றுவிட்டுப் புதிதாக ஒரு கேப்பை உண்டாக்கும். வெட்டிலிருந்து ஓர் இஞ்ச் தூரத்துக்கு நாலு பக்கமும் துரு, எண்ணெய், கருநீலப் படலம் எல்லாம் போய் வெள்ளையாகத் தெரிய வேண்டும். மேக்னெட் ஒட்டும் இடத்துக்கும் இது பொருந்தும். ஜி.ஐ. டியூப் என்றால் அந்த ஓர் இஞ்ச்சில் துத்தநாகப் பூச்சையும் எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் ரன்னில் குமிழ்க் குழி விழும், புகையைச் சுவாசித்தவருக்கு ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும்.

இனிச் சேர்க்கும் முறை. ஒரு மேக்னெட்டை மூலை மூலையாக நகர்த்தி வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். நாலு மேக்னெட் வாங்குங்கள் என்றுதான் சொல்வோம். நாலு மூலையிலும் வைத்து, ஒரு டாக்கும் வைக்காமல் முழுச் சட்டத்தையும் நிறுத்தி, மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் இதன் உண்மையான பயன். 900க்கு 2100 கதவுச் சட்டத்துக்கு இரண்டு குறுக்களவும் 2285 மில்லி வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 2 மில்லிக்குள் இருந்தால் டாக் வைக்கலாம். அதைத் தாண்டினால் நீண்ட குறுக்கு இருக்கும் மூலையில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டித் திருத்த வேண்டும். மேக்னெட் சொல்லும் கோணமும் டேப் சொல்லும் அளவும் ஒத்துப்போகாவிட்டால் டேப் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். மேக்னெட் தொடுவது மூன்று நான்கு இஞ்ச் நீளத்தைத்தான், டேப் அளப்பது முழுச் சட்டத்தை.

மேக்னெட் உள்மூலையில் இருப்பதால் முதல் டாக் வெளிமூலையில் விழும். 6 முதல் 8 மில்லி நீளம் போதும். வெளிமூலை டாக் ஆறும்போது சுருங்கி, மூலையை ஒரு மயிரிழை திறக்கும். நாலு மூலையிலும் வெளி டாக் முடிந்ததும் குறுக்களவை மறுபடி பார்த்து, மேக்னெட்டுகளை எடுத்துவிட்டு, உள்மூலையில் டாக் வைத்தால் அந்தத் திறப்பு திரும்ப இழுக்கப்படும். அடுத்து மேல்முகத்தில் ஒன்று, சட்டத்தைப் புரட்டி மறுமுகத்தில் ஒன்று. ஒரு மூலைக்கு நாலு டாக் ஆன பிறகே முழு ரன். அதையும் ஒரே மூலையில் சுற்றிச் சுற்றி ஓட்டாமல் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஆறும் வெல்டின் இழுவைக்கு முன்னால் 75 பவுண்டு மேக்னெட்டும் ஒன்றுமில்லை. சட்டம் தளத்தைவிட்டு எழாமல் பிடிக்கத் திருகி இறுக்கும் எஃப் கிளாம்ப்தான் வேண்டும்.

மேக்னெட்டை எடுக்கும்போது நேராக இழுக்காதீர்கள். ஒரு விளிம்பை அச்சாக வைத்துச் சாய்த்தால் சுலபமாக வரும். ஒரே ஒரு டாக் இருக்கும் மூலையில் வெடுக்கென்று பிடுங்கினால் டாக் வளையும், சில நேரம் உடையும்.

இன்வெர்ட்டர் மெஷின் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அதில் வருவது டி.சி. கரண்ட். மேக்னெட் பக்கத்தில் இருந்தால் ஆர்க் நேராக நிற்காமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும், தெறிப்பு கூடும், உலோகம் ஒரு டியூபில் மட்டும் ஒட்டி மற்றதைத் தொடாமல் போகும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் ஏ.சி. என்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே டாக் வைக்கும் இடத்துக்கும் மேக்னெட்டுக்கும் இரண்டு இஞ்ச்சாவது இடைவெளி விடுங்கள். 75 பவுண்டு மேக்னெட்டைச் சின்ன டியூபுக்கு வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்: ஆர்க்கை அதிகமாக இழுக்கும், எடுக்கவும் கஷ்டம். ஓர் இஞ்ச் டியூபுக்கு 25, ஒன்றரை, இரண்டு இஞ்ச்சுக்கு 50 சரியாக இருக்கும்.

பயன்படுத்தப் பயன்படுத்த இதன் பெரிய எதிரி கிரைண்டர் தூசி. இரும்புத் தூள் விளிம்பில் மீசை போல ஒட்டிக்கொள்ளும். 75 மில்லி விளிம்பின் ஒரு முனையில் அரை மில்லி தூள் இருந்தாலே, ஒரு மீட்டர் போவதற்குள் கிட்டத்தட்ட 7 மில்லி கோணல். மேலே சொன்ன கதவுச் சட்டத்தின் ஒரு மூலை இப்படிப் போனால் குறுக்களவுகளில் 11 மில்லி வித்தியாசம் தெரியும். துணியால் துடைத்தால் தூள் இடம் மாறுமே தவிரப் போகாது. பேக்கிங் டேப்பை ஒட்டி உரித்தால் சுத்தமாக வந்துவிடும். கிரைண்டிங் நடக்கும்போது மேக்னெட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைப்பது இன்னும் நல்லது. சுவிட்ச் திருப்பினால் பிடி விடும் வகையும் கிடைக்கிறது. அதை அணைத்தால் தூள் தானாக உதிரும், எடுப்பதும் எளிது. விலை பல மடங்கு. தினமும் சட்டம் செய்கிற பட்டறைக்குத் தகும், எப்போதாவது செய்கிறவருக்குத் தேவையில்லை. கோணத்தை மாற்றிக்கொள்ளும்படி நடுவில் திருகு வைத்த வகையை மட்டும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சூட்டிலும் தட்டலிலும் திருகு தளர்ந்தால் கோணம் மாறியது தெரியவே தெரியாது.

ரொம்பச் சூடான மூலையிலும் இதை விட்டுவைக்கக் கூடாது. ஃபெரைட் ஓரளவு சூடு தாங்கும். நியோடிமியம் காந்தம் போட்ட சின்ன மேக்னெட்டுகளில் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே பிடியை இழக்கத் தொடங்கும், ஆறினாலும் முழுதாகத் திரும்பாது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எந்த மேக்னெட்டையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

ஏற்காட்டுக்குப் போகும் வேலையில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். மூடுபனி நாட்களில் ஃபிளாப் டிஸ்க் போட்டுச் சுத்தம் செய்த விளிம்பில் மறுநாளே செந்துரு படியும். அங்கே எஸ்டேட் கேட்டோ கைப்பிடியோ அடிப்பதானால் தேய்த்த அன்றே டாக் வைத்து ரன்னை முடித்துவிடுவது நல்லது. ராடு பாக்கெட்டைத் திறந்து போடாமல் மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். ஈரம் ஏறிய ராடு படபடவென்று தெறிக்கும். கீழே சேலத்தில் டாக் வைத்துவிட்டு மேலே போய் ரன் ஓட்டலாம் என்று திட்டமிட்டால், ஒரு மூலைக்கு நாலு டாக்கும் வைத்து, குறுக்கே ஒரு ஃபிளாட் பட்டையையும் தற்காலிகமாகப் பற்றவைத்து ஏற்றுங்கள். வெளி டாக் மட்டும் வைத்த சட்டம் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஆடிக்கொண்டே போனால் டாக் விரிசல் விடும், மேலே இறக்கும்போது குறுக்களவு மாறியிருக்கும். மேக்னெட்டை மூலையிலேயே விட்டு ஏற்றுவதும் இதற்குப் பதில் ஆகாது. ஆட்டத்தில் வழுக்கித்தான் போகும்.

கடைசியாக எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சேலம் உருக்காலை ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஜவ்வரிசி ஆலைத் தொட்டிக்கும் சமையல்கூட மேசைக்கும் போடும் 304 ரகத்தில் இந்த மேக்னெட் பிடிக்காது. வளைத்த இடத்தில் லேசாக ஒட்டுவது போல் தெரியும். அதை நம்பி எதையும் நிறுத்தக் கூடாது. அங்கே எஃப் கிளாம்பும், பின்னால் ஒரு செம்புப் பட்டையும்தான் உதவும். எஸ்.எஸ். 304 சூட்டில் எம்.எஸ்.ஸைவிட (சாதாரண இரும்பைவிட) ஒன்றரை மடங்கு விரியும், சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் டாக்குகளின் இடைவெளி எம்.எஸ்.ஸில் வைப்பதில் பாதிதான் இருக்க வேண்டும். எம்.எஸ். தேய்த்த டிஸ்க்கை எஸ்.எஸ்.ஸில் வைக்காதீர்கள், அதில் ஒட்டிய இரும்புத் தூள் எஸ்.எஸ். மேல் பதிந்து, சில வாரத்தில் பழுப்புப் புள்ளியாகத் துருவேறும். தூள் ஒட்டிய மேக்னெட்டை எஸ்.எஸ். தகட்டின் மேல் வைத்தாலும் அதே கறைதான். முழுக்க எஸ்.எஸ். வேலை எடுக்கும் பட்டறை என்றால் இந்தக் காசை இரண்டு நல்ல எஃப் கிளாம்பில் போடுங்கள்.