பெரிய ஸ்லைடர் ஆமைக்குக் கண்ணாடித் தொட்டியா, அக்ரிலிக்கா? நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிய வந்தவை

இங்கே பேசுவது, காதருகே சிவப்புப் பட்டை கொண்ட வளர்ப்பு நீர் ஆமையான ரெட் இயர்டு ஸ்லைடர் பற்றி மட்டும். (நம்மூர்க் குளத்து ஆமையைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம்.) வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் குட்டி, பெண்ணாக இருந்தால் ஓடு மட்டும் 25 முதல் 30 செ.மீ. வரை வளரும். ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 38 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதன்படி 11 அங்குல ஆமைக்கு 400 லிட்டருக்கு மேல் வேண்டும். 5×2×2 அடித் தொட்டியில் 18 அங்குல உயரம் தண்ணீர் நிறுத்தினால் ஏறக்குறைய 425 லிட்டர் வரும். ஒற்றை ஆமைக்கு அது போதும்.

முதலில் எடையைப் பார்ப்போம். அக்ரிலிக் (கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக்) கண்ணாடியில் பாதி எடைதான் என்பார்கள். ஒரே தடிமனில் அது உண்மை. ஆனால் அக்ரிலிக் வளையும் பொருள். 12 மி.மீ. கண்ணாடி தாங்குகிற இடத்தில் 15 முதல் 18 மி.மீ. அக்ரிலிக் போட வேண்டியிருக்கிறது. 5×2×2 தொட்டி 12 மி.மீ. கண்ணாடியில் சுமார் 105 கிலோ, 18 மி.மீ. அக்ரிலிக்கில் சுமார் 75 கிலோ. மாடிக்குத் தூக்கும்போது வித்தியாசம் தெரியும். தண்ணீர் நிரப்பிய பிறகு இரண்டுமே அரை டன்தான்.

நகம்தான் உண்மையான சோதனை. வளர்ந்த ஸ்லைடர் நாள் முழுக்க முன்பக்கச் சுவரைப் பிறாண்டிக்கொண்டே நீந்தும். கண்ணாடிக்கு எதுவும் ஆகாது. அக்ரிலிக்கில் சில மாதங்களிலேயே ஆமை உயரத்துக்கு ஒரு மங்கல் பட்டை விழுந்துவிடுகிறது. மெருகேற்றினால் போகும்தான், ஆனால் உள்பக்கம் என்பதால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். மறுபடி கீறத்தான் போகிறது. இதோடு போர் தண்ணீரின் உப்புக் கறையும் சேரும். நீர்மட்டக் கோட்டில் படியும் வெள்ளைக் கறையை வினிகர் நனைத்த துணியால் ஊறவைத்து, கண்ணாடியில் பிளேடால் சுரண்டிவிடலாம். அக்ரிலிக்கில் பிளேடு படவே கூடாது. ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது. மயிரிழை விரிசல்கள் பரவும்.

கண்ணாடித் தொட்டி தோற்பது பெரும்பாலும் மூலையில்தான். ஆமைக்கு மூலை என்றால் தோண்டும் இடம். கண்ணாடிகளை ஒட்டும் ரப்பர் போன்ற பசைதான் சிலிகான். அதன் உள்பக்க விளிம்பு நகத்தில் மாட்டி நாளடைவில் உரிந்து வரும். எடையைத் தாங்குவது இரு கண்ணாடிகளுக்கு இடையே இருக்கும் சிலிகான். உள்விளிம்பு அதற்குக் காவல். காவல் போன பிறகு சில காலம் ஒழுகாமல் இருக்கலாம், அதை நம்பி விட்டுவிடக் கூடாது. பழைய சிலிகான் மேல் புதியது பிடிக்காது என்பதால் ஒட்டுப்போடுவதும் பயனில்லை. உள்விளிம்பு முழுவதையும் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, புதிய சிலிகான் பூச வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் அசிட்டிக் சிலிகான் வாங்குங்கள். பாத்ரூம் சிலிகானில் பூஞ்சைக்கொல்லி இருக்கும். ஒரு வாரம் காயவிட்டு, வீட்டுக்கு வெளியே இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகே ஆமையை விடலாம்.

அடிக்கண்ணாடி விரிசல் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டாண்டு. மட்டம் பார்த்து, 18 மி.மீ. பிளைவுட் போட்டு, அதன் மேல் அரை அங்குலத் தெர்மாகோல் வையுங்கள். பெரிய கல்லை உள்ளே அடுக்காதீர்கள், வளர்ந்த ஆமை அதை உருட்டிவிடும். சிறு ஜல்லியும் வேண்டாம், விழுங்கி வைக்கும். வெறும் தரையே நல்லது.

ஃபில்டர் விஷயத்தில் சிக்கனம் கூடாது. தொட்டிக் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு ரேட் செய்த கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய ஃபில்டர்) வேண்டும். கரன்ட் பல மணி நேரம் போயிருந்தால் அப்படியே ஆன் செய்யாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா செத்து, நாற்றமெடுத்த தண்ணீர் தொட்டிக்குள் வரும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். சாதாரண கண்ணாடியில் துளையிட்டு ஒரு இன்ச் டேங்க் நிப்பிளும் (துளையில் பொருத்தும் குழாய் இணைப்பு) பால் வால்வும் (திறந்து மூடும் குழாய்த் திருகு) போட்டால் தண்ணீர் மாற்றுவது சுலபம். டஃபன்டு கண்ணாடியில் (சூடாக்கிக் கடினமாக்கியது) துளை போட முடியாது, மொத்தமாக நொறுங்கும். துளை வாயில் சல்லடை மறக்காதீர்கள்.

வெயில் காயும் மேடைதான் அக்ரிலிக் தன் பெருமையை மீட்கும் இடம். சக்‌ஷன் கப் மேடை பெரிய பெண் ஆமையின் எடைக்கு நிற்காது, சரிந்துவிடும். 18 அங்குலத் தண்ணீருக்கு மேல் மிச்சம் 6 அங்குலச் சுவர்தான். உள்ளேயே மேடை வைத்தால் வெளியே குதிக்கும். ஆகவே தொட்டி விளிம்பில் உட்காரும்படி 6 மி.மீ. அக்ரிலிக் பெட்டி ஒன்று செய்து, பிளாஸ்டிக் வலை கட்டிய சரிவுப்பலகையைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். சரிவு செங்குத்தாகப் போனால் ஏறச் சிரமப்படும். பெட்டியின் மேல் மூடி கம்பி வலையாக இருக்கட்டும். ஓடு உறுதியாக வெயிலிலிருந்து ஆமைக்குத் தேவைப்படும் புற ஊதாக் கதிர்தான் UVB. கண்ணாடி அதை மறித்துவிடும், பெரும்பாலான அக்ரிலிக்கும் அப்படித்தான். ஜன்னல் வழி வெயிலை நம்பி ஓடு மென்மையாகிப்போன ஆமைகள் ஏராளம். காயும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி இருந்தால் போதும். ஹீட் பல்பை அக்ரிலிக்கிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள், இல்லையேல் பெட்டி நெளியும்.

சென்னையில் ஹீட்டருக்கு வேலை இல்லை. ஊட்டியில் உண்டு, அதுவும் உறை போட்ட ஹீட்டராக. மே மாதத் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும்போது நீர்ப்பரப்பின் மேல் சிறிய ஃபேன் ஓட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

பெண் ஆமை ஆண் துணையில்லாமலே முட்டையிடும். மண் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கிவைத்து உயிருக்கே ஆபத்தாகும். வெயில் காயும் மேடைப் பெட்டியின் ஒரு பாதியில் ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணலும் செம்மண்ணும் கலந்து வைக்க இடம் விட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஈர மண் கனமானது. அந்தப் பாதிக்கு மட்டும் தனியாக ஸ்டாண்டுக் கால் தேவைப்படும், தொட்டி விளிம்பில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.