டார்க் சைடா, விஷ் யூ வேர் ஹியரா?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் சிறந்த ஆல்பம் எது என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் 1973-இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடியும் 43 நிமிடங்கள். ஒரு பாட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் கரைந்து போகும். ‘மணி’ பாட்டில் சில்லறையும் கல்லாப்பெட்டியும் எழுப்பும் சத்தமே ஏழு எண்ணிக்கைத் தாளமாகிவிடுகிறது. அப்புறம் பாடகி கிளேர் டோரி, ஒரு சொல்கூட இல்லாமல் குரலாலேயே அழுது தீர்க்கும் அந்த இடம்! ஒலிப்பதிவின் நேர்த்தியில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனாலும் என் ஓட்டு 1975-இன் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்துக்குத்தான். முந்தையது மரணம், பணம், பைத்தியம் என்று எல்லாருடைய கதையையும் பேசுகிறது. இது ஒரே ஒரு நண்பனுக்காக ஏங்குகிறது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட், மனம் குலைந்து 1968-இல் விலகியவர். அவரைப் பற்றிய ‘ஷைன் ஆன்’ பாட்டு ஒன்பது பகுதிகளாக ஆல்பத்தின் இரு முனைகளிலும் நிற்கிறது. குழுவின் கிதார் கலைஞர் கில்மோரின் கிதாரில் வரும் அந்த நான்கு சுரங்கள் போதும், நெஞ்சு கனத்துவிடும்.

1975 ஜூனில், இந்த ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்த லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பாரெட்டே வந்து நின்றார். தலையையும் புருவத்தையும் மழித்திருந்த அவரை நண்பர்களுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. இதை அறிந்தபின் அந்தப் பாட்டை என்னால் பழையபடி கேட்க முடிந்ததில்லை.