சுழலா, வதந்தியா: அம்மாவுக்கு எதைப் போட்டுக் காட்டுவது?

மூட்டுவலி வைத்தியத்துக்காக அம்மா பத்து நாள் எங்களோடு தங்க வந்திருந்தாள். வந்த அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு நேராக டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, வீட்டில் கேபிளே இல்லை. அதைத் துண்டித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இருப்பது இணையத் தொடர்கள் வருகிற பிரைம் வீடியோ ஒன்றுதான்.

"எட்டே எட்டு பாகம்மா. எட்டு நாள்ல கதை முடிஞ்சிடும்" என்றேன். அவள் நம்பவில்லை. 2003-ல் ஆரம்பித்த 'கோலங்கள்' தொடரை 2009-ல் அது முடிகிற வரைக்கும் விடாமல் பார்த்தவள். எட்டு நாளில் முடிகிற கதையில் அப்படி என்ன இருந்துவிடும் என்பது போல ஒரு பார்வை பார்த்தாள்.

என் கையில் இரண்டு தொடர்கள் இருந்தன: 'சுழல்', 'வதந்தி'. இரண்டையும் வெளிவந்த சூட்டிலேயே பார்த்தாயிற்று. என் மனைவிக்கு வதந்திதான். அவளுக்கு மார்த்தாண்டம் பக்கம், வதந்தி நடப்பதும் அதே குமரி மாவட்டத்தில்தான். அவள் ஊர்ச் சீமை திரையில் வந்தால் மற்றதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான். எனக்குச் சுழல். அம்மா செஞ்சிப் பக்கத்துக்காரி என்பதும் என் கணக்கில் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன். மனைவியோடு சின்னதாக ஒரு வாக்குவாதம் நடந்தது. ரிமோட் என் கையில் இருந்ததால் சுழலைப் போட்டேன்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டும் 2022-ல் வந்தவை. சுழல் ஜூன் 17, வதந்தி டிசம்பர் 2. இரண்டுக்கும் எட்டெட்டு பாகம். இரண்டிலும் ஒரு பெண், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், வாயை மூடாத ஒரு ஊர். பின்னால் இருப்பதும் ஒரே ஜோடிதான், 'விக்ரம் வேதா' எடுத்த புஷ்கர்-காயத்ரி. சுழலை அவர்களே எழுதினார்கள். பிரம்மாவும் அனுசரணும் ஆளுக்கு நாலு பாகம் இயக்கினார்கள். வதந்தியைத் தயாரித்ததோடு அவர்கள் நின்றுகொள்ள, எழுதி இயக்கியவர் ஆண்ட்ரூ லூயிஸ். படம் பிடித்த விதம், இசை எல்லாம் இரண்டிலும் நன்றாகவே இருக்கின்றன. அதில் எது மேல் என்று பேசுவது வெட்டி வேலை.

சுழலின் கதை சாம்பலூர் என்ற கற்பனை மலையூரில் நடக்கிறது. ஒரு ராத்திரி அங்கே சிமெண்ட் ஆலை பற்றி எரிகிறது. அதே ராத்திரியில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் சின்ன மகள் நிலா காணாமல் போகிறாள். வீட்டை விட்டுப் போயிருந்த பெரிய மகள் நந்தினி திரும்பி வருகிறாள். சண்முகமாகப் பார்த்திபன், நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ், விசாரிக்கிற எஸ்.ஐ. சக்கரையாகக் கதிர், இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி. இந்தத் தேடலுக்குப் பக்கத்திலேயே ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது.

அம்மாவை விழுந்து விழுந்து பார்க்க வைத்தது இந்தத் திருவிழாதான். சண்டை போட வைத்ததும் அதுதான். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மாசி மாதத்தில் மயானக் கொள்ளை எடுப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவள் அவள். "மலை மேல ஏதுடா மயானக் கொள்ளை? நம்ம பக்கம்தானே அது?" என்றாள் முதல் நாளே. அவள் சொன்னது நியாயம்தான். விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் வட்டாரத்தில் செல்வாக்குள்ள விழாவை நீலகிரி மாதிரி தெரிகிற ஒரு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "சிவராத்திரிக்கு மறுநாளே கொள்ளை விட்டுடுவாங்க. இவனுங்க என்ன இத்தனை நாளா இழுக்கறானுங்க?" என்றும் கேட்டாள். மேல்மலையனூரில் இரண்டாம் நாள் கொள்ளை, ஐந்தாம் நாள் தீமிதி, ஏழாம் நாள் தேர். கதைக்காக இழுத்தார்கள் என்று சமாளித்தேன். சீரியல் பார்ப்பவளுக்கு இழுவை என்றால் தெரியாதா என்ன, அத்தோடு விட்டுவிட்டாள்.

ஆனால் காளி வேஷம் கட்டியவர்கள் ஆவேசமாக ஆடி வரும்போது அவள் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டதையும், மயானத்தில் இறைத்த சோற்றைத் தின்ன அது இறங்கியபோது அங்காளி மிதித்து அழித்ததையும் என் மகனுக்கு மறுநாள் காலையில் அவளே சொன்னாள். நானே அந்தக் கதையைக் கேட்டு இருபது வருஷம் இருக்கும்.

வதந்தி இன்னொரு வகை. அதன் தொடக்கம் சுழலின் தொடக்கத்தைவிட நல்லது என்று ஒத்துக்கொள்கிறேன். சினிமா ஷூட்டிங் நடக்கிற இடத்தில் ஒரு பெண்ணின் சடலம் கிடைக்கிறது. ஒரு நடிகை செத்துவிட்டாள் என்று செய்தி பறக்கிறது. அப்புறம்தான் அது வெலோனி என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண் என்று தெரிகிறது. செத்தவள் யார் என்பதிலேயே முதல் வதந்தி. அங்கிருந்து அவளைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். லாட்ஜ் நடத்துகிற அம்மா ரூபியாக லைலா ஒன்று சொல்கிறார், எழுத்தாளராக வரும் நாசர் இன்னொன்று எழுதுகிறார், ஊர் வேறு ஒன்று பேசுகிறது. எஸ்.ஐ. விவேக்காக எஸ்.ஜே. சூர்யா இந்தக் கதைகளுக்குள் விழுந்து, கடைசியில் தன் குடும்பத்தையே கோட்டை விடுகிற நிலைமைக்கு வருகிறார். கத்திப் பேசியே பழக்கப்பட்ட நடிகர் இதில் குரலைத் தாழ்த்தி நடித்திருக்கிறார். நடிப்பை மட்டும் வைத்து ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இரண்டு தொடரிலும் சேர்த்து எனக்கு அவர்தான்.

பேச்சுவழக்கு சரியாக வந்திருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள், குமரித் தமிழில் எனக்கு மாமியார் வீட்டு ஞானம் மட்டும்தான். "கொஞ்சம் வந்திருக்கு, கொஞ்சம் வரல்ல" என்பது மனைவியின் மதிப்பெண்.

பிறகு ஏன் சுழல்? எனக்கு இதில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: யார் செய்தது என்று தெரிந்த பிறகும் அதை மறுபடி உட்கார்ந்து பார்க்க முடியுமா? அம்மாவுக்கு அது முதல் தடவை. எனக்கோ இரண்டாம் தடவை, அதுவும் எட்டு ராத்திரி. முடிச்சு அவிழ்ந்துவிட்ட துப்பறியும் கதை பொதுவாக ஊசிப்போன சாம்பார் மாதிரி. போன வருஷம் விழுந்து விழுந்து பார்த்த எத்தனையோ தொடர்களை இப்போது பத்து நிமிஷம் பார்க்க முடிவதில்லை.

சுழலை முதல் தடவை பார்த்தபோது நந்தினி எனக்கு ஒட்டவே இல்லை. தங்கை காணாமல் போயிருக்கிறாள், இவள் என்ன இப்படி விறைத்துக்கொண்டு நிற்கிறாள், அப்பா மேல் இருக்கிற கோபத்தை இப்போதா காட்டுவது என்று எரிச்சல்கூட வந்தது. ஐஸ்வர்யா ராஜேஷ் சரியாக நடிக்கவில்லை என்று நண்பனிடம் சொன்ன ஞாபகம். இந்தத் தடவை அவளுக்கு என்ன தெரியும் என்பது எனக்கும் தெரியும். அதனால் அவள் அந்த வீட்டுக்குள் எங்கே நிற்கிறாள், யார் பக்கத்தில் உட்காராமல் தள்ளி நிற்கிறாள், எந்தப் பேச்சு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது பாகத்தில் அவள் வாய் திறந்து சொல்லப்போவதை முதல் மூன்று பாகத்திலேயே உடம்பால் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நண்பனிடம் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சண்முகமும் அப்படித்தான். கருப்புச் சட்டை, பகுத்தறிவு, தொழிலாளிக்காகத் தொண்டை கிழியப் பேசுகிற தலைவர். பார்த்திபனுக்கே உரிய நக்கல் பேச்சு வேறு. முதல் தடவை ரசித்துச் சிரித்தேன். இப்போது பார்த்தால், ஆலை வாசலில் ஐந்நூறு பேர் குறையைக் காது கொடுத்துக் கேட்கிற மனுஷன் சொந்த வீட்டில் ஒருவர் பேச்சையும் முழுசாகக் கேட்பதில்லை. அவர் மனைவி சாமியிடம் போய்ச் சொல்லிக்கொள்வது எதனால் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. பதில் வெளியிலிருந்து வந்து குதிக்கவில்லை, முதல் பாகத்திலிருந்தே அந்த வீட்டுக்குள்தான் இருந்தது.

வதந்தியில் இது நடக்கவில்லை. அதன் அமைப்பே அப்படி. நாம் பார்க்கிற காட்சிகளில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் சொன்ன கதை. அது பொய் என்று தெரிந்த பிறகு அந்த ஐம்பது நிமிஷத்தை மறுபடி பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. முடிவும் முதல் தடவையே மனசில் ஒட்டவில்லை. ஏழு பாகம் ஒரு பக்கமாகத் தேட வைத்துவிட்டு, எட்டில் வேறொரு பக்கம் கையைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

இதைச் சொன்னால் மனைவிக்குக் கோபம் வரும். "கொன்னது யாருன்னு மட்டும் பாத்தா அப்படித்தான் இருக்கும். அந்தப் பிள்ளையப் பத்தி ஒவ்வொருத்தனும் ஏன் அப்படிச் சொன்னான்னு நீங்க பாக்கவே இல்ல" என்பாள். அவள் இரண்டு தடவை முழுதாகப் பார்த்தவள். நான் இரண்டாம் தடவை மூன்றாவது பாகத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஆகையால் இந்த இடத்தில் என் தீர்ப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது, மறைப்பதற்கில்லை. ஒரு பெண் செத்த பிறகும் ஊர் அவளை விடாது என்பதைத் தமிழில் இவ்வளவு நேராக எடுத்த தொடர் வேறு எது என்று அவள் கேட்டால் என்னிடம் பதிலும் இல்லை.

சுழலின் இரண்டாவது பருவம் 2025 பிப்ரவரி 28-ல் வந்தது. கதை மலையிலிருந்து கடலோரத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு வக்கீலின் கொலை, ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து 'நான்தான் கொன்றேன்' என்று சொல்கிற எட்டுப் பெண்கள், பின்னணியில் காளி திருவிழா. நன்றாக ஓடுகிறது. ஆனால் அதை ஒரு தடவைதான் பார்த்தேன், அதுவும் பாதித் தூக்கத்தில். அது மறுபடி பார்க்கத் தாங்குமா என்பதற்கு நான் சாட்சி இல்லை.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டையுமே பார்க்க முடியாது. சுழலில் வருகிற விஷயம் கனமானது. கெட்ட வார்த்தைக்கும் குறைச்சல் இல்லை. "காது கூசுதுடா" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள், எழுந்து மட்டும் போகவில்லை. விளம்பர இடைவேளை வரும், அப்போது பால் காய்ச்சலாம் என்று காத்திருந்து காத்திருந்து, மூன்றாம் நாளிலிருந்து பாலை முன்னாலேயே காய்ச்சி வைத்துவிட்டாள்.

நாலாவது ராத்திரி ஒரு ஆளைக் காட்டி, "இந்தாளு சரியில்ல" என்றாள். யாரை என்று இங்கே சொல்ல மாட்டேன். நான் முகத்தை வைத்துக்கொண்ட விதத்திலிருந்து அவள் எதையும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

எட்டாவது ராத்திரி எல்லாம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா ஒன்றும் பேசவில்லை. மணி பதினொன்று ஆகியிருந்தது. தூங்கப் போவாள் என்று நினைத்து டிவியை அணைக்கப் போனேன். "இரு" என்றாள். "அந்தப் பெரிய பொண்ணு ஊருக்குத் திரும்பி வருதே, அந்த இடத்தை இன்னொரு வாட்டி போடு."