கிழங்கை மசிப்பதா, பொட்டலத்தைப் பிரிப்பதா?

1970களில் பிரிட்டன் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடியது. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, வேகவைத்து, நசுக்கித் தின்னும் மனிதர்களை நினைத்துச் செவ்வாய்க் கிரகத்து உலோகப் பொம்மைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். விற்ற சரக்கு, கேட்பரியின் 'ஸ்மாஷ்' உடனடி மசியல்; உலர்த்திய கிழங்கில் வெந்நீர் ஊற்றினால் தயார். நேரக் கணக்கில் பொம்மைகள் சொன்னது சரிதான். சத்துக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பலரும் ஏமாறும் இடம். பொட்டலத்தின் முதுகில் 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி என்றிருக்கும். தோலுரித்து வேகவைத்த கிழங்கிலோ 86தான். பயப்படாதீர்கள், அது உலர்ந்த செதிலின் கணக்கு. 20 கிராம் செதிலில் 80 மில்லி வெந்நீர் ஊற்றினால் 100 கிராம் மசியல்; கலோரி எழுபதுக்குப் பக்கம். நார்ச்சத்தும் பெரிதாகக் குறையாது.

இழப்பு பொட்டாசியத்தில்தான். வீட்டில் வேகவைத்த 100 கிராமில் 328 மி.கி. இருக்கும், கரைத்த மசியலில் 200 மி.கி. அளவுதான். ஆலையில் கிழங்கை வில்லைகளாக நறுக்கி, வெந்நீரில் பாதி வேகவைத்து, குளிர்நீரில் ஆறவிட்டு, மறுபடி ஆவியில் அவித்து, சூடான உருளையில் தேய்த்து உலர்த்துகிறார்கள். ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் கரைந்து போகிறது. வைட்டமின் சி-யும் அதே வழிதான். சில நிறுவனங்கள் அதைப் பிறகு சேர்க்கின்றன. நம் அடுப்பிலும் அது முழுதாக மிஞ்சுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: பச்சைக் கிழங்கில் 20 மி.கி. இருந்தது, தோலுரித்து வேகவைத்ததும் ஏழு சொச்சமாகிவிடுகிறது.

சர்க்கரை நோயாளிகள் கேட்பது கிளைசீமிக் குறியீடு, அதாவது ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்ற அளவு. வேகவைத்த கிழங்குக்குச் சராசரியாக 78, உடனடி மசியலுக்கு 87. இரண்டுமே உயரம்தான், 'நானே மசித்தேன்' என்று கூடுதலாக ஒரு கரண்டி போட்டுக்கொள்ள இது அனுமதி இல்லை. வேகவைத்து, ஆறவைத்துச் சாப்பிட்டால் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடும்.

என்னைக் கேட்டால் உண்மையான போட்டி கிழங்குக்கும் செதிலுக்கும் இல்லை. வெறும் செதிலுக்கும், வெண்ணெய், பூண்டு, சீஸ் மணம் கூட்டிய பொட்டலத்துக்கும்தான். பின்னதில் ஒரு பரிமாறலுக்கே 400 மி.கி. சோடியத்தைத் தாண்டுபவை நிறைய. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2000 மி.கி.-க்குள் நிறுத்தச் சொல்கிறது. நான்கு பேருக்கு என்று அச்சிட்ட பொட்டலத்தை இரண்டு பேர் காலி செய்வதுதான் நடைமுறை. நிறம் மாறாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஆகவே பொருட்பட்டியல் நீண்டால் அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

வீட்டு மசியலிலும் வெண்ணெயைக் கட்டி கட்டியாகப் போடுகிறவர்கள் கலோரிப் பேச்சை எடுக்காமலிருப்பது நல்லது. உப்பில்லாத வெறும் செதிலை நான் ஒதுக்கமாட்டேன். நீர்த்துப்போன சூப்பைக் கெட்டியாக்க இரண்டு கரண்டி போதும். சாப்பாட்டுத் தட்டுக்கு மட்டும் கிழங்கைத் தோலோடு வேகவைத்து, பிறகு உரித்து மசிப்பேன்.