ஐந்து கோடியா, ஐம்பத்தைந்து கோடியா: பிளினியை எந்தப் பதிப்பில் படிப்பது?

இந்தியா ரோமப் பேரரசின் செல்வத்தை ஆண்டுதோறும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று, கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் மூத்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் புலம்பினார். முசிறியையும் மிளகையும் பற்றி எழுத உட்காரும் எவரும் அந்தப் புலம்பலை மேற்கோள் காட்டாமல் எழுந்திருப்பதில்லை. எவ்வளவு உறிஞ்சியது என்று கேட்டால்தான் சங்கடம். 1850-களில் போஸ்டாக்கும் ரைலியும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது 55 கோடி செஸ்டெர்ஷியஸ் என்ற ரோமானியக் காசு. லோப் வரிசையில் ராக்ஹாம் செய்த மொழிபெயர்ப்பில் 5 கோடி. அதே நூல், அதே வரி, இடையே 50 கோடி காசு காணாமல் போயிருக்கிறது!

ரோமானியர் பெருந்தொகைகளை எழுதிய முறைதான் இப்படிப்பட்ட குழப்பங்களுக்கு வாய்க்கால் வெட்டியது. ஐந்நூறைக் குறிக்கும் எழுத்தை எழுதி, அதன் தலைக்கு மேலேயும் இரு பக்கத்திலும் கோடு இட்டால் அதை நூறாயிரத்தால் பெருக்க வேண்டும். அப்படித்தான் 5 கோடி வருகிறது. சுவடியைப் பெயர்த்து எழுதுபவருக்கு ஒரு கோடு நழுவினாலும், பக்கத்தில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டாலும் தொகை எங்கோ போய்விடும். ஆகவே, கிரேக்க, லத்தீன் நூல்களை ஆதாரமாகக் காட்ட நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தப் பதிப்பைக் கையில் எடுப்பது என்பதை. பெரிய வரிசைகள் நான்கு: லோப், ஆக்ஸ்ஃபோர்டு, தொய்ப்னர், புதே. பிளினியின் படைப்பு 37 ‘நூல்’களாகப் பிரிந்தது; இந்தப் புலம்பல் வரும் ஆறாம் நூலையே உரைகல்லாக வைத்து உரசிப் பார்க்கலாம்.

லோப் வரிசையை 1911-இல் தொடங்கியவர் ஜேம்ஸ் லோப் என்ற அமெரிக்க வங்கிக் குடும்பத்துக்காரர். பெயரில் லோபம் இருந்தாலும் ஆள் லோபியல்லர். சொந்தப் பணத்தைக் கொட்டினார், இறக்கும்போதும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை, லத்தீனுக்குச் சிவப்பு. இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு. அரைகுறை லத்தீனோடு தடுமாறுகிறவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. வினைச்சொல்லைத் தேடி அலுத்தபோது கண்ணை வலப்பக்கம் ஓட்டினால் போதும். அப்படித்தான் நானும் படிக்கிறேன், இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

குறை இரண்டு. ஒன்று வேடிக்கையானது. பழைய லோப்களில் ஆபாசமான இடங்கள் ஆங்கிலத்தில் வராது. ரோமானியக் கவிஞர் மார்ஷியலின் கொச்சையான கவிதைகளை 1919-இல் இத்தாலியனில் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். கிரேக்கத் தொகைநூலின் சில பாடல்களுக்கு எதிர்ப்பக்கத்தில் லத்தீன்தான் இருந்தது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவரின் ஒழுக்கத்தைக் காப்பாற்றினார்களாம். பின்னால் வந்த புதிய பதிப்புகளில் இதெல்லாம் சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆகவே பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் லோபை வாங்குமுன் ஆண்டைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது குறைதான் கனமானது. லோபில் பிரதிபேதம் மிகக் குறைவு. சுவடிகள் எங்கே முரண்படுகின்றன, பதிப்பாசிரியர் எதை ஏற்றார், எதைத் தள்ளினார் என்பதைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடித்துவிடுவார்கள். பிளினி லோபில் 10 தொகுதிகள். ஆறாம் நூல் இரண்டாம் தொகுதியில் வருகிறது. சரளமான ஆங்கிலம். ஆனால் 5 கோடி என்று படிக்கிறவருக்கு, இந்த எண்ணில் ஒரு தகராறு இருக்கிறது என்ற வாடையே அடிக்காது.

உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபோது பிரதிபேதங்களையும் சேர்த்தே கொடுத்தார். அவற்றைப் புரட்டிப் பழகியவருக்கு, பக்கத்தின் அடியில் ஒன்றும் இல்லாத பதிப்பைப் பார்த்தால் உப்பில்லாப் பண்டம் போலத்தான் இருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீல அட்டை, சுத்தமான அச்சு, சுருக்கமான பிரதிபேதம், மொழிபெயர்ப்பு கிடையாது. பிளேட்டோ, சோஃபோக்கிளீஸ், வெர்ஜில் போன்ற பெருந்தலைகளுக்கு மாணவர் மேசையில் இருப்பது இதுதான். ஆனால் மூத்த பிளினி இந்த வரிசையில் இல்லவே இல்லை. அவருடைய சகோதரி மகன் இளைய பிளினியின் கடிதங்கள் உண்டு. அவற்றில் நமக்கு மிளகு கிடைக்காது.

தொய்ப்னர் வேறு ரகம். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் 1849-இல் தொடங்கிய வரிசை. பெரிய கவிஞர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் இலக்கணக்காரர், மருத்துவர், நில அளவையாளர், உரையாசிரியர் என்று யாரும் சீந்தாதவர்களையும் அச்சேற்றினார்கள். பிளினியின் முதல் ஆறு நூல்களை மாய்ஹோஃப் 1906-இல் இந்த வரிசையில் பதிப்பித்தார். பின்னால் வந்த பலரும் இதன்மேல்தான் நின்றார்கள். பக்கத்தின் கீழே எறும்பு ஊர்வது போலச் சிற்றெழுத்துகள்: எந்தச் சுவடியில் எந்தப் பாடம், யார் எதைத் திருத்தினார், எந்தச் சொல் விடுபட்டிருக்கிறது. விடுபட்டதைக் குறிக்க அடிக்கடி ‘ஓம்.’ என்று அச்சிட்டிருக்கும். முதன்முதலில் பார்த்தபோது லைப்ஸிக்கில் பிரணவம் ஓதுகிறார்களே என்று திகைத்தேன். ‘விட்டுவிட்டார்’ என்பதற்கான லத்தீன் வினையின் சுருக்கம் அது.

ஆய்வுக்கு இதுவே அடித்தளம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முன்னுரைகூட லத்தீனில்தான். விலையோ, இன்று அச்சில் கிடைக்கும் தொகுதிகளில் பல 100 யூரோவைத் தாண்டுகின்றன. ஒரு லோப் ஏறக்குறைய 30 டாலர். நூலகம் இல்லாதவர் தொய்ப்னரைக் கனவில்தான் வாங்க வேண்டும். மாய்ஹோஃபைப் போன்ற பழைய பதிப்புகள் காப்புரிமை முடிந்து இணையத்தில் படமெடுத்து வைக்கப்பட்டிருப்பது பெரிய ஆறுதல்.

அடிக்குறிப்பின் எறும்புகளுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? பெயர் தெரியாத ஒருவர் கிரேக்கத்தில் எழுதிய பழைய கடல்வணிகக் கையேடான எரித்திரியக் கடற்பயண நூலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு வரிசைகளுக்கு வெளியே தனிப் பதிப்புகளாக வந்து புகழ்பெற்றது அது. 1912-இல் ஷாஃப் செய்த மொழிபெயர்ப்பில் முசிறி இருக்கும் நாட்டின் பெயர் ‘டாமிரிகா’. 1989-இல் காஸன் பதிப்பில் ‘லிமிரிகே’. கிரேக்கப் பெரிய எழுத்தில் ட-வும் ல-வும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: முக்கோணத்தின் அடிக்கோட்டை எடுத்துவிட்டால் ட, ல ஆகிவிடும். சுவடியில் இருப்பது ல. பழைய ரோமானியச் சாலை வரைபடமான பியூட்டிங்கர் வரைபடத்தில் ‘டாமிரிகே’ என்று இருப்பதைக் கொண்டு ட-வாகத் திருத்தினார்கள். தமிழகம் என்ற சொல் அதில் ஒலிப்பதாகக் கால்டுவெல் முதல் பலரும் கொண்டார்கள். திருத்தம் சரியாகவே இருக்கலாம், எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் அது திருத்தம், சுவடி சொன்னதல்ல. இதைச் சொல்லாமல் ‘கிரேக்கர் நம்மை டாமிரிகா என்றார்கள்’ என்று மேடையில் முழங்குவது நியாயமில்லை.

இனி புதே. முதல் உலகப் போரின்போது, தங்களிடம் உருப்படியான கிரேக்க, லத்தீன் பதிப்பு வரிசை இல்லை, எதிரியான ஜெர்மனியின் புத்தகங்களையே நம்பியிருக்கிறோம் என்று பிரெஞ்சு அறிஞர்களுக்கு உறைத்தது. 1917-இல் மறுமலர்ச்சிக்கால அறிஞர் கீயோம் புதேயின் பெயரால் ஒரு சங்கம் கண்டார்கள். 1920-இல் முதல் தொகுதி வந்துவிட்டது. கிரேக்கத்துக்கு மஞ்சள் அட்டையில் ஆந்தை, லத்தீனுக்குச் சிவப்பு அட்டையில் ஓநாய். லோபைப் போல எதிர்ப்பக்க மொழிபெயர்ப்பு, தொய்ப்னரைப் போல அடியில் பிரதிபேதம், இரண்டும் உண்டு. அதற்கு மேல் விரிவான முன்னுரையும் விளக்கமும்.

பிளினிக்கு வரும்போது புதே மற்ற மூன்றையும் ஓரங்கட்டிவிடுகிறது. இங்கே 37 நூல்களும் தனித்தனித் தொகுதிகளாகப் பிரிகின்றன. ஆறாம் நூலின் இந்தியப் பகுதிக்கென்றே 1980-இல் ஒரு தொகுதி வந்தது. அதன் பதிப்பாசிரியர் இருவர்: லத்தீன் அறிஞர் ழாக் ஆந்த்ரே, இந்தியவியலாளர் ழான் ஃபிலியோஸா. 1955-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய அதே ஃபிலியோஸாதான். சமஸ்கிருதமும் தமிழும் அறிந்தவர். மோதுராவில் ஆண்ட பாண்டியோன், சேரநாட்டு அரசனாகக் கருதப்படும் கேலோபோத்ராஸ், கடற்கொள்ளையருக்கு அஞ்சி ஒதுங்க வேண்டிய முசிறி, ஒற்றை மரத்தில் குடைந்த படகில் வரும் கொட்டனாரா மிளகு: இவற்றுக்கெல்லாம் இரு கரையும் தெரிந்தவர் விளக்கம் எழுதும் வாய்ப்பு லோபுக்கும் தொய்ப்னருக்கும் அமையவில்லை.

இணையத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியூஸ் தளம் இலவசம்; சொல்லைச் சொடுக்கினால் அகராதி திறக்கும்; அதன் சேவைக்குக் கைகூப்பலாம். ஆனால் அங்கே பிளினியின் லத்தீன் 1906-இன் மாய்ஹோஃப், ஆங்கிலம் 1850-களின் போஸ்டாக். அந்த ஆங்கிலம் அந்த லத்தீனிலிருந்து பிறந்ததல்ல! கலிபோர்னியாவின் இர்வைனில் 1972-இல் தொடங்கிய கிரேக்கச் சொற்களஞ்சியத் திட்டம் தேடலுக்கு நிகரற்றது. அதிலும் ஒரு பதிப்பின் மூலம் மட்டும் இருக்கும், அடிக்குறிப்பு இருக்காது.

55 கோடிக்குத் திரும்பலாம். இவ்வளவு நேரம் பிரதிபேதத்தின் பெருமை பேசிவிட்டு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது: இந்த வழக்கைத் தீர்க்க லோபே போதும். பன்னிரண்டாம் நூலில் பிளினி இன்னொரு கணக்குத் தருகிறார். இந்தியா, சீனம், அரேபியா மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 10 கோடி செஸ்டெர்ஷியஸ் எடுத்துச்செல்கின்றனவாம், குறைந்த மதிப்பீட்டில். மூன்றுக்கும் 10 என்றால் இந்தியாவுக்கு மட்டும் 55 எப்படி? போஸ்டாக்கை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது வரியையும் அதே கட்டுரையில் போட்டுவிட்டு நகர்வது எனக்கு இன்றும் வியப்பு.

வாங்குவதற்கு என் வரிசை இது: படித்து மகிழ லோபின் இரண்டாம், நான்காம் தொகுதிகள். எண்ணோ ஊர்ப்பெயரோ மேற்கோள் காட்டுவதென்றால் இணையத்தில் மாய்ஹோஃபின் அடிக்குறிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் 1980-இன் புதே. பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். அந்தத் தொகுதியில் இருப்பவை 46 முதல் 106 வரையான பத்திகள்தாம். தென்னிந்தியக் கடற்கரை கடைசிச் சில பக்கங்களில் வந்துவிடுகிறது. ஓர் அகராதியும் ஒரு கோடை விடுமுறையும் போதும்.