முதல்வர் காப்பீட்டு அட்டையா, தனியார் பாலிசியா?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலில் முதல்வர் காப்பீட்டு அட்டையை வாங்குங்கள். பிரீமியம் கிடையாது, ஆண்டுக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். விஏஓவிடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு, குமரி மாவட்டத்தில் உள்ள நாம் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் பதியலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் அட்டை செல்லும். பட்டியலிலுள்ள சிகிச்சைக்கு மட்டும்தான். அவசரத்துக்குத் திருவனந்தபுரம் ஓடுவது நம் வழக்கம். நீங்கள் போகும் ஆஸ்பத்திரி திட்டத்தின் பட்டியலில் உண்டா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

தனியார் பாலிசியில் தேர்வு அதிகம், பொறியும் அதிகம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு உண்டு; அதுவரை அவற்றுக்குப் பணம் வராது. நோயை மறைத்தால் கிளெய்ம் போச்சு. பலர் கவனிக்காதது அறை வாடகை வரம்பு. 3 லட்சம் பாலிசியில் வரம்பு 1 சதவீதம் என்றால் அறைக்கு நாளுக்கு 3,000 ரூபாய்தான். 6,000 ரூபாய் அறை எடுத்தால் அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் பாதியாக வெட்டப்படும்: 80,000க்கு 40,000தான் வரும். மருந்துக்கு இந்த வெட்டு இல்லை.

அழகு சிகிச்சைக்கு இரண்டுமே கைவிரிக்கும். முடி நடுவது, மூக்கைச் செதுக்குவது சொந்தக் காசில்தான். தீக்காயம், விபத்துக்குப் பின் உறுப்பைச் சீரமைப்பது வேறு கணக்கு; அது மருத்துவத் தேவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.