ஒரு கொலையை யார் நன்றாகச் சொல்கிறார்கள்? வரலாறு, வழக்கு நூல், துப்பறியும் கதை: ஓர் ஒப்பீடு

சேலம் புத்தகத் திருவிழாவில் வரலாறு ஒரு மேசையில் இருக்கும், க்ரைம் இன்னொரு மேசையில் இருக்கும். கையில் ஐந்நூறு ரூபாயோடு வருகிறவர் பெரும்பாலும் ஏதோ ஒரு பக்கம்தான் போவார். ஆனால் இரண்டு மேசையிலும் நடப்பது ஒரே வேலைதான். நேரில் பார்க்காத ஒருவர், பார்த்ததாகச் சொன்னவர்களின் பேச்சை வைத்து நடந்ததைக் கட்டி எழுப்புகிறார். அதனால் இரண்டையும் நான் ஒரே தராசில்தான் நிறுத்துகிறேன். எது சான்று, எது ஊகம் என்று வாசகருக்குப் பிரித்துக் காட்டுகிறதா, இல்லையா?

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கொலை, ராஜராஜனின் அண்ணனான சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனுடையது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாகத்தான் பெரும்பாலானோர் இதற்குள் நுழைகிறார்கள். ஆய்வு நூல்களில் இதற்கு இருக்கிற முக்கியச் சான்று காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு. முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்கள் சுற்றத்தாரின் உடைமையையும் பறிமுதல் செய்ததைப் பேசுகிறது. இவர்களில் இருவருக்குப் பிரமாதிராஜன் என்ற அரசு அதிகாரிப் பட்டம் உண்டு. கொன்றது ஏன், தூண்டியது யார் என்று கல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் நூல்கள் பிரிகின்றன. கொலைக்கும் இந்தக் கல்வெட்டுக்கும் இடையே ஏறக்குறைய பதினைந்து ஆண்டு இடைவெளி. நடுவில் ஆண்ட உத்தம சோழன் குற்றவாளிகளை விட்டுவைத்தான், ஆகவே அவனுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் பார்வை. இன்னொரு வரலாற்றாசிரியர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்வெட்டின் உடனடி விஷயம் நிலத்தின் கைமாற்றம். தண்டனை முன்பே நடந்திருக்க, நிலக் கணக்கு மட்டும் பின்னால் கல்லில் ஏறியிருக்கலாம் என்று படிக்கவும் இடம் இருக்கிறது. எனக்கு இந்த இரண்டாவது வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது. கல்வெட்டைப் பொறித்த தேதி வேறு, சம்பவத்தின் தேதி வேறு, நடவடிக்கை எடுத்த தேதி வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்புகிற நூல் ஒரு மன்னனை எளிதாகக் கொலைகாரனாக்கிவிடும்.

நாவலா, ஆய்வு நூலா என்றால், ஆள்களை மனதில் பதிக்க நாவல், வழக்கை எடைபோட ஆய்வு நூல். நாவலை முதலில் படித்தால் ஒரு சிக்கல் உண்டு. அதில் கொலைச் சதிக்குள் வரும் நந்தினி கற்பனைப் பாத்திரம். அவளை மனதில் வைத்துக்கொண்டு கல்வெட்டைப் படித்தால், அங்கே இல்லாத காரணம் எல்லாம் இருப்பதுபோலத் தோன்றும். கல்வெட்டுப் பாடத்தை நாலைந்து வரியாவது முதலில் படித்துவிட்டு நாவலுக்குப் போவது நல்லது.

அடுத்தது வழக்கு நூல்கள். நான் அதிக மதிப்பெண் போடுவது இந்த வகைக்குத்தான். தமிழில் அதிகம் எழுதப்பட்டது, சினிமா ஆட்களைப் பற்றி வம்பு எழுதிய பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கு. 1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் கத்திக்குத்து, மறுநாள் மரணம். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் நாடு கடத்தல் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்று, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பவும் சென்னைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

இந்தச் சுருக்கம் எல்லா நூலிலும் இருக்கும். நல்ல நூலையும் மேம்போக்கான நூலையும் பிரிப்பது இரண்டு இடம். ஒன்று, குத்துப்பட்டதற்கும் உயிர் போனதற்கும் நடுவே உள்ள நேரம். சாகப்போகிறவர் தன் மரணக் காரணம் பற்றிச் சொன்னது அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி ஏற்கத்தக்கது. அப்படியானால் அந்த ஒரு நாளில் அவர் யாரிடம் என்ன சொன்னார், எழுத்தில் இருப்பது எவ்வளவு என்பதுதான் வழக்கின் முதுகெலும்பு. பல நூல்கள் இதை இரண்டு வரியில் தாண்டிவிட்டு நட்சத்திரங்களின் கைதுக்கு ஓடிவிடுகின்றன. இரண்டாவது, அப்ரூவர் சாட்சி. குற்றத்தில் பங்குள்ள ஒருவர் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புக்கு மாறிச் சொல்வதை, வேறு சுயேச்சையான சான்று தாங்க வேண்டும். எந்தச் சான்று தாங்கியது, எது தாங்கவில்லை என்று வரிசைப்படுத்தாத நூலில் விடுதலை ஏதோ அதிர்ஷ்டம்போலத் தெரியும்.

வழக்கு நூல் படிக்கும்போது ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும். மூன்றாவது கட்டம் காலியாக விழுந்துகொண்டே போனால் ஆசிரியர் கேள்விப்பட்டதைச் சான்றாக விற்கிறார். போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று எழுதி அத்தியாயத்தை முடிக்கிற நூலையும் தள்ளிவைக்கலாம். 2024 ஜூலை வரை இருந்த அந்தச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்று ஆகாது. அதன் மூலம் பொருள் ஏதும் கிடைத்திருந்தால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவில் நிற்கும். இதைத் தெரிந்து எழுதுகிறவருக்கு மீதியும் தெரிந்திருக்கும்.

சேலத்துக்கே உரிய இரண்டு சம்பவம் இப்படிப்பட்ட எழுத்துக்கு ஏங்கி நிற்கிறது. 1882 கலவர வழக்கில் சேலம் சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டு தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது. பின்னால் 1920 நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். இன்னொன்று 1950 பிப்ரவரி 11இல் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச்சூடு. 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். இதைப் பற்றி எந்த நூலை எடுத்தாலும் அரசு அறிக்கை, சட்டமன்றப் பேச்சு, அந்த வாரத்து நாளிதழ், உள்ளே இருந்தவர்களின் நினைவு, இந்த நான்கில் எத்தனை தொட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஒரே தரப்பை வைத்து எழுதியதில் கோபமோ சமாதானமோ கிடைக்கும், சுட்டது எப்படி நடந்தது என்ற வரிசை கிடைக்காது. இறந்த 22 பேருக்கு நாம் குறைந்தபட்சம் அந்த வரிசையையாவது சரியாகத் தர வேண்டும்.

மாவட்ட நூல்கள் பற்றி. லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வந்தது, இரண்டு தொகுதி. ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர், அதாவது அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல், 1918. இரண்டும் ஆங்கிலத்தில், இரண்டும் வருவாய்த்துறைக் கண்ணோட்டத்தில் எழுதியவை. சுவை தேடினால் ஏமாற்றம்தான், ஆனால் ஊரைப் பற்றிய வேறு எந்த நூலையும் சரிபார்க்க இவை வேண்டும். இவற்றில் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. அன்றைய 'சேலம் மாவட்டம்' இன்றையது அல்ல. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் தனி மாவட்டமானது, தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. பழைய மாவட்டக் கணக்கை எடுத்து இன்றைய சேலத்தோடு ஒப்பிடும் கட்டுரைகள் எத்தனையோ வந்துவிட்டன, அத்தனையும் பிழை. அடுத்து நாணயம். 1792இல் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் பாராமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) வரிக்கணக்கைத் தொடங்கிய காலத்தில் கணக்கு பகோடா என்ற தங்க நாணயத்தில். ஒரு நட்சத்திரப் பகோடா மூன்று ரூபாய் எட்டணா. 100 பகோடா வரி என்றால் 350 ரூபாய். இதை மாற்றாமல் அப்படியே 'ரூபாய்' என்று எழுதியிருந்தால் அந்த நூலின் எண்களை நம்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் தீரன் சின்னமலை பற்றிய வாழ்க்கை வரலாறுகள். உணர்ச்சியில் கெசட்டியர் இவற்றின் பக்கத்தில்கூட வராது. ஆனால் தேதியில் தடுமாறுகின்றன. சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31 என்று ஒரு நூல், ஆடி 18 என்று இன்னொன்று. ஆடிப்பெருக்கு ஆகஸ்டு 2 அல்லது 3இல்தானே வருகிறது, யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றே. நம் பஞ்சாங்க ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சில நிமிடங்கள் நீளம், அதனால் அறுபது எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தமிழ் மாதம் தள்ளிப்போகிறது. இருநூற்றுச் சொச்சம் ஆண்டில் மூன்று நாள். 1805இல் ஆடி 18 ஜூலை இறுதியில்தான் விழுந்திருக்கும். இந்த விளக்கத்தை ஒரு அடிக்குறிப்பிலாவது தருகிற ஆசிரியர் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

துப்பறியும் கதைக்கு வருவோம். சேலத்துக்கு இதில் பழைய உறவு உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில்தான் படமானது, எம்.என். நம்பியார் பதினோரு வேடம் கட்டினார். கதை கற்பனை என்பதால் சான்று தேவையில்லை என்று நினைப்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கற்பனை ஆள்கள் இருக்கலாம், கற்பனைப் பிணம் இருக்கக் கூடாது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நடக்கிற கொலைக்கதைகளில் அடிக்கடி வரும் பிழை இது: உடல் விறைப்பை வைத்துச் சாவு நேரம் சொல்வது. நம் நாட்டு வெயில் காலத்தில் விறைப்பு 18 முதல் 36 மணி நேரம் இருக்கும், குளிர் காலத்தில் 24 முதல் 48. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனி இறங்குகிற மார்கழி இரவில் வெளியே கிடந்த உடலுக்குச் சேலம் டவுன் சித்திரை வெயிலின் கணக்கைப் போட்டால் சந்தேக நபரின் அலிபி, அதாவது அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்ற கணக்கு, முழுக்கத் தப்பாகிவிடும். கதையின் முடிச்சே அதில்தான் இருக்கும்.

கால கட்டமும் அப்படித்தான். கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தொடங்கியது 1897. 1880இல் நடக்கிற கதையில் இன்ஸ்பெக்டர் கைரேகை எடுத்தால் புத்தகத்தை மூடிவிடலாம். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடக்கிற கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 என்று எழுதினாலும் அதே கதி, இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு. மாத நாவல்களில் இரண்டு கதை தனித்தனியே ஓடிக் கடைசியில் சேர்கிற அமைப்பு பயணத்துக்கு அருமை, சேலத்திலிருந்து கோவை போய்ச் சேர்வதற்குள் ஒன்று முடிந்துவிடும். ஆனால் கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு ஆள் வந்து கொலைகாரன் ஆவதை ஏற்க முடியாது.

ஸ்டாலில் ஐந்து நிமிடம் கிடைத்தால், அட்டையை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சொல்லடைவு இருக்கிறதா, முதல் பதிப்பு எந்த ஆண்டு, வழக்கு நூலானால் எந்த நீதிமன்றம், எந்த ஆண்டுத் தீர்ப்பு என்று குறித்திருக்கிறதா, வரலாறானால் வரைபடம் உண்டா என்று பாருங்கள். பிறகு நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, 'என்று கூறப்படுகிறது' எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் மூன்றுக்கு மேல் போனால், கூறியவர் யார் என்று ஆசிரியருக்கே தெரியாது.

கையில் ஐந்நூறு ரூபாய்தான் என்றால் முதலில் ஒரு வழக்கு நூல், மீதியில் இரண்டு மாத நாவல். சோழர் ஆய்வு நூலை நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாம். கையேட்டுக்கும் கெசட்டியருக்கும் செலவு செய்ய வேண்டாம், ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஃபோனில் அந்த அட்டவணைகளைப் படிக்க முடியாது. கெசட்டியரில் உங்கள் தாலுகாவைப் பற்றிய பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து, உள்ளூர் வரலாறு எது படித்தாலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.